மாப்பிள்ளையின் எடையும் மைக்கக்காவின் எழுத்தும்

மைக்கக்காவுக்கு அந்தப் பெயர் டிக்கெட் கவுன்ட்டரில் வந்தது. மிருகக்காட்சிசாலை வாசலில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு மைக் உண்டு. அவளுடைய மைக் எப்போதோ செத்துப்போயிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. பழுதுபார்க்க வந்தவர், "இது எப்பலேருந்து வேலை செய்யலை?" என்று கேட்டார். "எனக்கு எப்படிங்க தெரியும்? நான் எப்பவும் போலத்தான் பேசிட்டிருக்கேன்!" என்று அவள் சொன்னாள். அந்தப் பதில் எதிரே புல் மேய்ந்துகொண்டிருந்த மான்களுக்கும் கேட்டது. அவை ஒரே பாய்ச்சலில் வேலியின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டன.

அன்றிலிருந்து அவள் மைக்கக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

மான்கள் சரியாகத் தின்பதில்லை என்று கால்நடை மருத்துவர் இரண்டு முறை புகார் சொன்ன பிறகு, அவளைத் தீவனக் கிடங்கின் மாடியில் இருந்த சின்ன அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு கணினியும், புள்ளிவிவர உதவியாளர் என்ற பதவியும் ஆளில்லாமல் கிடந்தன. வைக்கோல் வாசனையும் மின்விசிறிச் சத்தமும் தவிர வேறு தொந்தரவு இல்லாத அறை. மாடியில் அவள் எவ்வளவு கத்தினாலும் கீழே இருந்த மூட்டைகள் அசையாது.

மாலை வகுப்பில் சேர்ந்து கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். முதல் நாளே ஆசிரியர், "உங்களுக்குச் சந்தேகம் வந்தா வாயால கேக்காதீங்கம்மா, டைப் பண்ணி அனுப்புங்க" என்று கேட்டுக்கொண்டார். பக்கத்து அறையில் கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. டைப் செய்து டைப் செய்தே தேறிவிட்டாள்.

வேலை இதுதான். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விலங்கின் எடையும் அவளிடம் வரும். அவளுடைய நிரல் அதை வாங்கிக்கொண்டு, மாதங்களைக் கீழேயும் கிலோக்களை இடப்பக்கமும் வைத்து, நடுவில் ஒரு கோடு இழுத்துக் கொடுக்கும். முதன்முதலில் வரைந்த படத்தில் தமிழ் எழுத்து ஒன்றுகூட வரவில்லை. எழுத்து வர வேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டம் கட்டமாக நின்றது. அதை வாங்கிப் பார்த்த மிருகக்காட்சிசாலை இயக்குநர், "படம் நல்லாருக்கும்மா, ஆனா எதுக்கு இவ்வளவு ஜன்னல் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். ஒரு வாரம் மல்லுக்கட்டி, தமிழ் எழுத்துரு ஒன்றை நிரலுக்குக் காட்டிக்கொடுத்து ஜன்னல்களை மூடினாள். அதற்குப் பிறகு அவளுடைய நிரல் சொன்னபடி கேட்டது. அதன் தலைமாட்டில் ஒரே ஒரு வரி இருக்கும்: எழுத்தளவு பத்து. தலைப்பு, மாதப் பெயர், எண் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பத்துதான்.

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஒரு நீர்யானை. இங்கே இருந்த பெண் நீர்யானைக்குத் துணையாக வேறொரு ஊரிலிருந்து லாரியில் வந்தவர். அவர் வந்து சேர்ந்த சமயம் பார்த்து அந்தப் பெண்ணை இன்னொரு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மேலிடத்தில் ஒரு கையெழுத்து முன்னே பின்னே போனதில் வந்த குளறுபடி. வந்தவரைத் திருப்பி அனுப்பவும் யாருக்கும் வழி தெரியவில்லை. ஜோடியும் இல்லை, வேலையும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் தவறாமல் உண்டு. நீர்யானைக் காப்பாளர் அவருக்கு வீட்டோடு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். நாளடைவில் வெறும் மாப்பிள்ளை ஆனார். மரியாதை மட்டும் குறையவில்லை. "மாப்பிள்ளை சாப்பிட்டாரா? மாப்பிள்ளை இன்னைக்கு ஏன் தண்ணியை விட்டு எழுந்திருக்கலை?" என்றுதான் எல்லாரும் விசாரிப்பார்கள்.

மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. கரையேறி வந்து, வேலிப்பக்கம் முதுகைக் காட்டி நின்று, சாணம் போடும்போது வாலை மின்விசிறி மாதிரி சுழற்றுவார். அவ்வளவும் நாலாபக்கமும் பறக்கும். தன் எல்லையை அடையாளம் காட்ட எல்லா ஆண் நீர்யானைகளும் செய்கிற காரியம்தான். காப்பாளர் அதற்கு 'மாப்பிள்ளை மரியாதை' என்று பெயர் வைத்திருந்தார். வேலியிலிருந்து சற்றுத் தள்ளி நிற்பவர்களுக்கு அந்த மரியாதை கிடைக்காது. கிட்டப் போனவர்களுக்கு நிச்சயம் உண்டு.

இயக்குநருக்கு ஒரு நாள் யோசனை ஒன்று உதித்தது. வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்வந்த சூடு அவருக்கு இன்னும் தணியவில்லை. மைக்கக்காவின் படங்கள் கோப்பில் தூங்குவானேன், ஒவ்வொரு விலங்கின் வேலியிலும் பலகையாக வைத்தால் பார்வையாளர்கள் அறிவியல் கற்றுக்கொள்வார்களே என்றார். பிள்ளையார்சுழி மாப்பிள்ளையிடமிருந்து போடுவதாக முடிவானது.

மைக்கக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மேசைப்பலகை அகலத்துக்குப் படம் வர வேண்டும் என்றதால், நிரலில் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் மாற்றினாள். கட்டங்கள் விரிந்தன, கோடு நீண்டது. எழுத்து மட்டும் பத்திலேயே நின்றது. படத்தைப் பெரிதாக்கு என்று நிரலிடம் சொன்னாளே தவிர எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாததை அது எப்படிச் செய்யும்? மைதானம் போன்ற வெள்ளைப் பரப்பில் மாதப் பெயர்கள் கடுகு சிந்தினாற்போலக் கிடந்தன.

அவள் படத்தைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு. அளவைக் கூட்டிரலாமா?"

இயக்குநர் பழக்கதோஷத்தில் ஒரு கையால் காதை மூடிக்கொண்டு, இன்னொரு கையால் படத்தை வாங்கினார். "வேண்டாம்மா. இதான் டீசன்ட்டா இருக்கு. அங்கல்லாம் இப்படித்தான் வைக்கிறாங்க. எழுத்து பெரிசா இருந்தா தள்ளுபடி விற்பனை போர்டு மாதிரி ஆயிடும். சின்னதா இருந்தாத்தான் ஜனங்க கிட்ட வந்து படிப்பாங்க."

"கிட்ட வந்தா..."

"கிட்ட வரட்டுமே! அதானே நமக்கு வேணும்? கீழே ஓரமா உங்க பேரையும் போட்டுக்கங்க."

பெயர் என்றதும் மைக்கக்காவுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. ஊரையே கூட்டும் தொண்டை அவளுக்கு. ஆனாலும் தன் பெயரைப் போடும்போது என்னவோ கூச்சம் வந்து, அதற்கு மட்டும் அளவு ஆறு என்று தனியாக எழுதினாள்.

பலகை வந்தது, வேலியில் மாட்டினார்கள். இயக்குநர் சொன்னது அப்படியே பலித்தது. தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் புரியாத ஒரு கோடு. என்னதான் எழுதியிருக்கிறது என்று ஜனங்கள் கிட்ட வந்தார்கள். இன்னும் கிட்ட வந்தார்கள். குனிந்து, கண்ணை இடுக்கி, மாதத்தை விரலால் தடவிப் படித்தார்கள். மாப்பிள்ளை தண்ணீரிலிருந்து எழுந்து வந்து, முதுகைத் திருப்பி, மரியாதையைக் குறைவில்லாமல் செய்தார்.

இந்த விவகாரத்தில் லாபம் அடைந்தவர் ஒருவர் உண்டு. அவர் மைக்கக்காவின் கணவர். மிருகக்காட்சிசாலை வாசலுக்கு எதிர்ச்சாரியில் அவருக்குச் சலவைக் கடை. மனைவி பேசுகிற பேச்சுக்கும் சேர்த்து அமைதியாக இருக்கிற மனிதர். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் சாலையைக் கடந்து வரும்போது, ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றுச் சட்டையை நீட்டி, "ஒரு மணி நேரத்துல ரெடியாயிடும்" என்பார். இதென்ன புதுக் கூட்டம் என்று அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மைக்கக்காவும் மாடி அறையை விட்டு இறங்கிப் பலகைப் பக்கம் போகவில்லை.

அவளுக்கு விஷயம் தெரியவந்தது நாத்தனார் மூலமாக.

நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, இவர்கள் வீடு இருந்த அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் கண் பரிசோதனை அட்டையைத் தெருவில் நின்றே கடைசி வரிவரை படித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்வாள். அண்ணியின் படம் பலகையாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், கடை விடுமுறை நாளில் தன்னோடு வேலை பார்க்கும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அன்று மத்தியானம் மைக்கக்கா வீட்டுக் கதவைத் திறந்தபோது வாசலில் நாத்தனார் நின்றாள். தலைமுடியில் புல் இருந்தது. மற்றது என்ன என்பதை வாசனை சொன்னது.

"அண்ணி, உங்க பேரைப் படிக்கத்தான் குனிஞ்சேன்!"

"ஐயையோ, யாரு பண்ணினது?"

"உங்க மாப்பிள்ளைதான்! கடையில எல்லார்கிட்டயும் எங்க அண்ணி எங்க அண்ணின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். உங்க பேரு எங்கன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாத எழுத்தான்னு குனிஞ்சேன். பாதிப் பேரு படிக்கிறதுக்குள்ள பொத்துன்னு விழுந்துச்சு. கூட வந்தவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! இனிமே நான் எந்த மூஞ்சியோட கடைக்குப் போறது?"

கணவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "கறை போயிடும்மா. புதுசா ஒரு பவுடர் வாங்கியிருக்கேன்."

"நீ சும்மா இருண்ணே! உனக்கென்ன, தினமும் கடை நிரம்பி வழியுது. எனக்கு இப்பத்தான் புரியுது. அண்ணி எழுத்தைச் சின்னதா வைக்கிறது, நீ சட்டையைத் துவைக்கிறது. நல்ல கூட்டு!"

மைக்கக்கா அதற்குச் சொன்ன பதிலை நாலு வீடு தள்ளியும் கேட்டார்கள். நாத்தனார் பேச்சை நிறுத்திவிட்டாள். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் போக்குவரத்து நின்றது.

நாத்தனார் கோபத்தில் சொன்னதை வேறு சிலர் நிதானமாகவே யோசித்திருந்தார்கள் போலிருக்கிறது. இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"எதிர்க்க இருக்கிற சலவைக் கடை யாரோடதும்மா?"

"என் வீட்டுக்காரரோடது சார்."

"ம்." அவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "ஒரு புகார் வந்திருக்கு. நான் நம்பலை. ஆனா வந்திருக்கு."

மைக்கக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "சார், நான் அன்னைக்கே எழுத்தைப் பெரிசாக்கலாமான்னு கேட்டேனே! நீங்கதானே டீசன்ட்டு, கீசன்ட்டுன்னு..."

"மெதுவா, மெதுவா." அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். தன் முடிவு தப்பு என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் முகவாயைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "எழுத்து அப்படியே இருக்கட்டும். உங்களுக்குத்தான் கடவுள் குடுத்த குரல் இருக்கே! பலகை பக்கத்துல நின்னு நீங்களே வாசிங்க. ஜனங்க தூரத்துல நின்னு கேக்கட்டும். யாரும் கிட்ட வர வேண்டியதில்ல. நானே வந்து வீடியோ எடுக்கிறேன்."

மறுநாள் காலை பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து தூரத்தில் வரிசைகட்டி நின்றார்கள். மைக்கக்கா பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். வேலிக்கு முதுகைக் காட்டியபடி இயக்குநர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, தன் முகமும் பலகையும் பின்னால் குளமும் தெரிகிற மாதிரி சரிசெய்துகொண்டார். காப்பாளர் வாளியோடு ஓரமாக நின்றார். குளத்தில் மாப்பிள்ளையின் இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன.

"இது எங்கள் நீர்யானையின் எடை!" என்று மைக்கக்கா தொடங்கினாள். "ஜனவரி மாதம் ஆயிரத்து ஐந்நூற்று இருபது கிலோ!"

இரண்டு காதுகளும் திரும்பின.

"பிப்ரவரி மாதம் ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது!"

தண்ணீருக்கு மேல் ஒரு தலை வந்தது. வாய் திறந்தது. "ஹோங்... ஹோங்... ஹோங்..." என்று குளமே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். பிள்ளைகள் கை தட்டினார்கள். மைக்கக்கா எதிர்ச்சத்தத்துக்கு அடங்குகிறவளா? அவள் இன்னும் குரலை ஏற்றினாள்.

"மார்ச் மாதம்!"

"அக்கா, நிறுத்துங்க!" காப்பாளர் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அவருக்கு வேற ஒரு நீர்யானை உள்ள வந்துட்டதா நினைப்பு! உங்களப் போட்டிக்கு வந்த ஆளுன்னு நினைக்கிறாரு!"

மாப்பிள்ளை கரையேறிவிட்டார். அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக அவர் வந்ததை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. மைக்கக்கா பேச்சை நிறுத்தி, பலகையின் மறைவில் பாய்ந்து குந்திக்கொண்டாள். இயக்குநருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கைப்பேசித் திரையில் தன் முகத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் பெரிதாக ஏதோ வந்து நிறைவதைப் பார்த்து, "ஆங், இப்ப நல்லா கவர் ஆகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வீடியோ கடைசிவரை பதிவானது. பிறகு அவர் அதை யாருக்கும் காட்டவில்லை.

கால் மணி நேரத்தில் தீவனக் கிடங்கின் மாடிப்படியில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது. இயக்குநர் மைக்கக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். முகத்தை மட்டும் கழுவியிருந்தார்.

"எழுத்தைப் பெரிசாக்குங்க."

"எவ்வளவு சார்?"

"எவ்வளவு பெரிசா முடியுமோ அவ்வளவு. அடுத்த தெருவுல நின்னு படிக்கணும். இப்பவே பண்ணுங்க. அச்சகத்துக்கு அனுப்புற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

அந்தச் சின்ன அறையில், அந்த மின்விசிறிக்குக் கீழே, அவர் நகராமல் நிற்பது என்றால் என்ன என்பதை அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். மைக்கக்கா ஒரு கையால் மூக்கை மூடிக்கொண்டு, மறுகையால் தலைமாட்டு வரியில் இருந்த பத்தை அழித்து இருநூறு என்று போட்டாள். நிரலை ஓடவிட்டாள். வந்த படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள். அவர் படியிறங்கிப் போனதும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆழமாக மூச்சு வாங்கினாள். அப்போதாவது படத்தைத் திறந்து பார்த்திருக்கலாம்.

புதுப் பலகையை மாட்டிய அன்று, வாசல் காவல்காரரிடம் பார்வையாளர் ஒருவர் கேட்டார்: "யானை எந்தப் பக்கம்?"

"இங்க யானை கிடையாதுங்க."

"போர்டு வச்சிருக்கீங்களே!"

தலைப்பு, 'எங்கள் நீர்யானையின் எடை: ஒரு பார்வை' என்று இருக்க வேண்டும். இருநூறு அளவில் அந்த வரி பலகைக்குள் அடங்கவில்லை. தலைப்பு நடுவிலிருந்து இருபக்கமும் விரிவது என்பதால், இடப்பக்கம் 'எங்கள் நீர்' விளிம்புக்கு வெளியே போய்விட்டது. வலப்பக்கம் 'ஒரு பார்வை' போய்விட்டது. எஞ்சியது 'யானையின் எடை'. கீழே பன்னிரண்டு மாதங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கூட்ட நெரிசலில் மாட்டிய மாதிரி ஒரே கருப்பாகத் தெரிந்தன. அதுகூடப் பரவாயில்லை. ஓரத்து எண்களிலும் இடப்பக்க இலக்கம் வெட்டுப்பட்டிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு ஐந்நூறாகியிருந்தது, ஆயிரத்து எழுநூறு எழுநூறாகியிருந்தது.

எழுநூறு கிலோ யானையா! யாரோ பலகையைப் படம் பிடித்து, 'பட்டினி போடப்பட்ட யானை எங்கே?' என்று எழுதிப் பரப்பிவிட்டார்கள். அச்சகத்தைக் கேட்டால், "நீங்க அனுப்பினதைத்தானே நாங்க அடிச்சோம்" என்று கையை விரித்தார்கள். அன்று மாலைக்குள் வாசலில் விலங்கு நேயர்கள் கூடிவிட்டார்கள். அட்டையில் 'யானைக்கு நீதி வேண்டும்' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்து மட்டும் சரியான அளவில் இருந்தது.

இயக்குநர் வெளியே வந்து கைகூப்பினார். "தயவுசெஞ்சு கேளுங்க. எங்ககிட்ட யானையே இல்ல."

"அப்ப கொன்னுட்டீங்களா?" என்று கூட்டம் பொங்கியது.

அவர் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. யானையைக் காட்டு என்றார்கள். இல்லாத யானையை எங்கிருந்து காட்டுவது? மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மைக்கக்காவுக்குப் பொறுக்கவில்லை. தன்னால் வந்த வினை. அங்கிருந்தே கத்தினாள்.

"அது யானை இல்லீங்க, நீர்யானை! எழுத்து பெரிசா வச்சதுல ஓரம் வெட்டுப்பட்டுப்போச்சு! எழுநூறு இல்ல, ஆயிரத்து எழுநூறு! தப்பு என்னோடது! பட்டினியெல்லாம் கிடையாது, போய்ப் பாருங்க, உருண்டுக்கிட்டிருக்காரு!"

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. மான்கள் ஓடின. குளத்துப் பக்கமிருந்து "ஹோங்" என்று ஒரு பதில் வந்தது. கூட்டத்தில் ஒருவருக்குச் சிரிப்பு வந்தது, அது இன்னொருவருக்குத் தொற்றியது. அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்த அம்மாள், பலகையின் படத்தைக் கைப்பேசியில் மறுபடி பார்த்து, "அட, 'யா'வுக்கு முன்னால புள்ளி ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க" என்றாள். இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். போகிற போக்கில் மாடியை நோக்கி, "இந்தத் தடவை பாத்துட்டு அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற காரியம் இல்லை இது என்று மைக்கக்காவுக்கு உறைத்தது. நிரலைத் திறந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்ற வரியை எடுத்துவிட்டு, தலைப்புக்கு ஒன்று, மாதங்களுக்கு ஒன்று, எண்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக அளவு எழுதினாள். தலைப்பை இரண்டு வரியாக உடைத்தாள். ஜனவரி 'ஜன' ஆனது, பிப்ரவரி 'பிப்' ஆனது. ஓரத்தில் எண்களுக்கு இடம் விட்டாள். எல்லாம் சரி, ஆனால் எந்த எண் போதும்? வேலியிலிருந்து எட்டி நிற்கிற ஆள் படிக்க எவ்வளவு வேண்டும்? திரையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது எட்டி நின்று படித்துச் சொல்ல வேண்டும்.

அவளுக்குத் தெரிந்து எழுத்தை எட்டி நின்று படிப்பதையே தொழிலாக வைத்திருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

விடுமுறை நாள் காலையில் மேல்மாடிக் கதவைத் தட்டினாள். நாத்தனார் கதவைப் பாதி மட்டும் திறந்தாள்.

"உன் கண்ணு வேணும்" என்றாள் மைக்கக்கா, தன்னால் முடிந்த அளவு மெதுவாக.

"எதுக்கு? சலவைக் கடைக்கு ஆள் குறைஞ்சுபோச்சா?"

"திட்டு, வாங்கிக்கிறேன். வந்து படிச்சுக் காட்டிட்டுத் திட்டு."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைச் செருமலாக மாற்றப் பார்த்தாள், முடியவில்லை.

கட்டடத்தின் கீழ்த்தள நடைவழி நீளமானது. ஒரு கோடியில் தபால் பெட்டிகள், மறுகோடியில் மாடிப்படி. மைக்கக்கா வெவ்வேறு அளவில் அச்சிட்ட தாள்களைத் தபால் பெட்டிகளுக்கு மேல் ஒட்டினாள். நாத்தனார் படியில் உட்கார்ந்து தொழில் சுத்தமாக ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"ஜன, பிப், மார்... எல்லாம் தெளிவாத் தெரியுது. இதுவே போதும்."

"உனக்குத் தெரியும். உன் கண்ணு கழுகுக் கண்ணு. எல்லாருக்கும் அப்படியா?"

அது நியாயம் என்று நாத்தனாருக்கும் பட்டது. உச்சி குளிர்ந்துபோய், கண்ணாடி போட்டவர்கள், போட வேண்டியும் போடாதவர்கள் என்று கட்டடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படியில் உட்காரவைத்தாள். முதல் மாடித் தையல்காரர் தனக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு, 'எடை' என்பதை 'எருமை' என்று படித்தார். அவருக்குக் கண்ணாடிக் கடையின் முகவரி கிடைத்தது. கணவர் கையில் இஸ்திரித் துணியோடு வந்து நின்று, ஒவ்வொரு தாளையும் பார்த்து, "இது தெரியுது" என்றார். எல்லாத் தாளுக்கும் அதையேதான் சொன்னார் என்பதால் அவர் சாட்சியத்தை நாத்தனார் தள்ளுபடி செய்தாள். மதியத்துக்குள் விஷயம் முடிவானது. தலைப்புக்கு நூற்றுப்பத்து, எண்களுக்கு எழுபது, மாதங்களுக்கு அறுபது. இந்த முறை முழுப் படத்தையும் திரையில் திறந்து, நான்கு மூலைகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மைக்கக்கா அச்சகத்துக்கு அனுப்பினாள்.

மூன்றாவது பலகை ஒரு வம்பும் செய்யவில்லை. ஜனங்கள் நடைபாதையில் நின்றபடியே படித்தார்கள். மாப்பிள்ளை கரையேறி வந்து மரியாதை செய்தார், அது வெறும் புல்லில் விழுந்தது. சலவைக் கடையில் பழையபடி போர்வையும் திரைச்சீலையும் மட்டும் வந்தன. கணவர் அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

எழுத்து தெரிய ஆரம்பித்த பிறகுதான் காப்பாளருக்குக் கஷ்டகாலம் பிடித்தது. முன்பெல்லாம் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாமல் ஜனங்கள் தப்பி ஓடினார்கள். இப்போது நிதானமாகப் படித்தார்கள். படித்ததும் கேள்வி கேட்டார்கள்.

"ஏங்க, ஜனவரியில ஆயிரத்து ஐந்நூத்து இருபது, இப்ப ஆயிரத்து எழுநூத்து நாற்பது. ஒரு வருஷத்துல இவ்வளவு ஏறலாமா?"

"இவருக்கு நடைப்பயிற்சி ஏதும் கிடையாதா?"

"டாக்டர் பாக்குறாரா இல்லையா?"

கேள்வி கால்நடை மருத்துவர் காதுக்குப் போயிற்று. அவருக்கும் மாதாமாதம் இதே எண்கள் போய்க்கொண்டுதான் இருந்தன, பத்து அளவு எழுத்தில். விசாரித்ததில், சிற்றுண்டிச் சாலையில் மிஞ்சுகிற பன்களைக் காப்பாளர் தினமும் ஒரு கூடையில் கொண்டுவந்து மாப்பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. "ஒத்தையா இருக்காரு சார், வேற என்ன சுகம் அவருக்கு?" என்று காப்பாளர் மன்றாடினார். மருத்துவர் மசியவில்லை. பன் நின்றது. புல்லும் காயும் அளந்து வைக்கப்பட்டன.

அன்று சாயங்காலம் காப்பாளர் தீவனக் கிடங்கின் மாடியேறி வந்தார்.

"அக்கா, அந்த எழுத்தைக் கொஞ்சம் பழையபடி சின்னதாக்கிடுங்களேன். போறவன் வர்றவன் எல்லாம் என்னைக் குத்தவாளி மாதிரி பாக்குறான்."

"அண்ணே, சின்னதாக்கினா கிட்ட வருவாங்க. கிட்ட வந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அப்படியாவது கொஞ்ச பேரு குறைவாங்க" என்று முனகிக்கொண்டே அவர் இறங்கிப் போனார்.

மாப்பிள்ளை சில நாள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. காதுகளைக்கூட வெளியே காட்டாமல் குளத்துக்குள்ளேயே கிடந்தார். பிறகு பசி ஜெயித்தது. வைத்த காயைத் தின்றார். எடைமேடைக்கு அவரை வரவழைக்க அதற்கு முன் பன் காட்டுவார்கள், இப்போது பூசணிக்காய் காட்டினார்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தார், ஆனாலும் ஏறி நின்றார். ஏறிக்கொண்டே போன கோடு முதலில் படுத்தது, அப்புறம் கீழே இறங்கத் தொடங்கியது.

அடுத்த பலகைக்கான எடை வந்த அன்று, அதைத் தானே கையில் எடுத்துக்கொண்டு காப்பாளர் மறுபடி மாடியேறி வந்தார். சொல்லாமலே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மைக்கக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எண்ணை எழுதி நிரலை ஓடவிட்டாள். திரையில் கோடு இறங்கி, கடைசிப் புள்ளியில் நின்றது. ஆயிரத்து அறுநூற்று அறுபது. காப்பாளர் முக்காலியைத் திரைக்குக் கிட்ட நகர்த்திக்கொண்டார்.

"அக்கா, அந்தக் கடைசி நம்பரை மட்டும் கொஞ்சம் பெரிசா வைக்க முடியுமா?"

"எவ்வளவு பெரிசா?"

"வாசல்லேருந்து தெரியற மாதிரி."

"அவ்வளவு பெரிசா வச்சா தலைப்பு மேல ஏறிடும்ணே."

"ஏறட்டுமே" என்றார் காப்பாளர்.

மைக்கக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் அளவு தொண்ணூறு என்று தனியாக ஒரு வரி எழுதினாள். நிரலை ஓடவிட்டாள். தலைப்பின் மேல் ஏறவில்லை, மயிரிழையில் தப்பியது. காப்பாளர் முக்காலியிலிருந்து எழுந்து, கதவுவரை பின்பக்கமாகவே நடந்து போய் நின்று, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.